இடாப்பில் பதியாத வருத்தம்

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களில் பதினான்கு வயது என்றால் தரம் 9. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பெண் பிள்ளைக்குச் சடங்கு முடிந்திருக்கும், ஆண் பிள்ளைக்குக் குரல் உடைந்திருக்கும். "இனிமே அவங்களே பார்த்துக்குவாங்க" என்று வீடு நம்பத் தொடங்கும் வயது அது. தம்பி தங்கையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது, உலையில் அரிசி போடுவது, விறகு பொறுக்குவது எல்லாம் அந்தப் பிள்ளையின் தலையில் விழும்.

மனநோய்கள் எந்த வயதில் தொடங்குகின்றன என்று கணக்குப் பார்க்க, உலகமெங்கும் நடந்த 192 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டினார்கள். ஏழு லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகள். 2022இல் வெளியான அந்தக் கணக்கில் உச்சம் விழுந்த வயது பதினான்கரை. 14 வயதுக்கு முன்பே தொடங்கியவை 34.6 சதவீதம். 18 வயதுக்கு முன் 48.4 சதவீதம், 25க்கு முன் 62.5 சதவீதம்.

பிள்ளை ஆளாகிவிட்டது என்று தோட்டம் கையை விடுகிற வயதும், நோய் உள்ளே நுழைகிற வயதும் ஒன்றாக இருக்கின்றன.

ஆனால் நோய் என்ற பெயர் அப்போது வருவதில்லை. அது வர இன்னும் ஏழெட்டு வருடமாகும். கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போன இளைஞன் திடீரென்று லயத்துக்குத் திரும்பி வந்து, காம்பராவை விட்டு வெளியே வராமல் கிடப்பான். கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்ற பெண் யாரோடும் பேசாமல் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருப்பாள். அப்போதுதான் வைத்தியசாலை ஞாபகம் வரும். "நல்லாத்தான் இருந்தான், திடீர்னு இப்படி ஆயிருச்சு" என்று டொக்டரிடம் சொல்வார்கள். பெரும்பாலும் அந்தத் திடீருக்குப் பின்னால் பத்து வருடக் கதை இருக்கும்.

இதை நிரூபித்துக் காட்டியது நியூசிலாந்தின் டனீடின் நகரம். 1972-73இல் அங்கே பிறந்த 1,037 குழந்தைகளை ஆய்வாளர்கள் இன்றுவரை விடாமல் பின்தொடர்கிறார்கள். 26 வயதில் மனநோய் இருந்தவர்களின் பழைய பதிவுகளைப் புரட்டியபோது, அவர்களில் பாதிப் பேருக்கு 15 வயதுக்கு முன்பே ஏதாவதொரு மனநலக் கோளாறு பதிவாகியிருந்தது. 18 வயதுவரை என்று எடுத்தால் நால்வரில் மூவர் அளவு வந்தது. இன்னொன்றும் தெரியவந்தது. சிறுவயதில் இருந்த கோளாறே பெரிய வயதிலும் தொடர வேண்டும் என்பதில்லை. பிடிவாதம், சண்டை, திருட்டு, பொய் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் கெட்ட பிள்ளைகள், பிற்காலத்தில் பதற்ற நோய், மனச்சோர்வு, போதைப் பழக்கம் என ஏறத்தாழ எல்லா நோய்களின் பட்டியலிலும் இருந்தார்கள். நோயைப் பொறுத்து, நோயாளிகளில் கால் பங்கிலிருந்து அறுபது சதவீதம் வரை பேருக்கு அந்தப் பழைய கதை இருந்தது.

சேட்டைக்காரப் பிள்ளைக்கு நாளைக்கு ரௌடியாகும் ஆபத்து மட்டும்தான் என்று நினைக்கிறோம். பத்து வருடம் கழித்து அவன் மனச்சோர்வு நோயாளியாக வந்து நிற்கலாம் என்று எந்த அதிபரும் நினைப்பதில்லை.

பேர் விழுந்தால்தான் சம்பளம்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டிப் போனால் கெசல்கமு ஓயாவின் கரையில் பொகவந்தலாவை. கொட்டியாகலை, கெம்பியன், லொயினோன், பிரிட்வெல் என்று தோட்டங்கள் நான்கு பக்கமும் ஏறிக் கிடக்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கின் தேயிலைக்கு ஏலத்தில் நல்ல பெயர். அதைப் பறிக்கிற வீடுகளின் நிலையைச் சொல்ல ஒரு கணக்குப் போதும். 2019ஆம் ஆண்டு அரசின் குடும்ப வருமானச் செலவுக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறத்தில் வறியவர்கள் 6 சதவீதம், தோட்டப்புறத்தில் 33.8 சதவீதம்.

அம்மா நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பெரட்டுக்களத்துக்கு ஓடுகிறார். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பின்னேரம் திரும்பும்போது உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை நாள் குறைவென்றால் டவுனில் கூலி வேலை. வரும் வழியில் சாராயம், காசில்லாத நாளில் கசிப்பு. லயத்தில் ஒரு காம்பராவில் அடி விழுந்தால் பக்கத்து நாலு காம்பராவுக்கும் கேட்கும். கேட்டு என்ன செய்வது? குடும்பத்து விசயம் என்று எல்லோரும் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார்கள். அந்த நேரம் சுவரோரம் பாய் விரித்துப் படுத்திருக்கும் பிள்ளைக்கும் அது கேட்கும்.

1990களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, சிறுவயதில் வீட்டில் கண்ட அடி, குடி, பெற்றோரின் மனநோய், பிரிவு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரச் சேர, பெரிய வயதில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் போதையும் படிப்படியாகக் கூடுவதைக் காட்டியது. ஆய்வுக்கு உட்பட்டவர்களில் பெரும்பாலோர் காப்புறுதியும் ஓரளவு வசதியும் உள்ளவர்கள். லயத்தில் அந்தச் சுமைகளோடு வறுமையும் சேர்கிறது.

இது பெற்றோர் மேல் பழி போடுகிற பேச்சு அல்ல. எட்டு மணிநேரம் மலையேறி இறங்கியவரிடம் பிள்ளையோடு உட்கார்ந்து பேசச் சொல்வது, கொழும்பில் நாற்காலியில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களுக்கு எளிது.

தோட்டத்துக்கு ஒருவன்

ஒரு பையனை எண்ணிக்கொள்வோம். அவனுக்குப் பெயர் வேண்டாம். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் எல்லோருக்கும் அப்படி ஒருவனைத் தெரியும். ஆறு வயதில் ஓரிடத்தில் உட்கார மாட்டான். சொன்னதை மறப்பான், கொப்பியைத் தொலைப்பான், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுவான். மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய கவனக்குறைபாடும் துறுதுறுப்பும் அவனிடம் இருக்கலாம். மருத்துவத்தில் இதற்கு வழி இருக்கிறது. ஆனால் பள்ளியில் அவனுக்குக் கிடைப்பது பிரம்பு. உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை சொல்கிறது, அது அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

தரம் 3 வரும்போது மற்றவர்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள், இவனால் முடியவில்லை. அடிக்குப் பயந்து பொய் சொல்லப் பழகுகிறான். தரம் 6க்கு டவுன் பாடசாலைக்குப் போனால் கடைசி வாங்கு. அங்கே தன்னைப்போல் நாலு பேர் கிடைக்கிறார்கள். பாபுல் போடுகிறார்கள், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். தரம் 9இல் இடாப்பில் அவன் பெயருக்கு நேரே பூச்சியங்கள் நீளும். ஒருநாள் பெயரே இராது.

இந்தச் சங்கிலியில் ஆரம்பக் கோளாறு சிறியது. அதற்கு வீடும் பள்ளியும் காட்டிய எதிர்வினை புதிய கோளாறைச் செய்தது, புதியது அடுத்ததைச் செய்தது. மனநல ஆய்வாளர்கள் இந்த வயதுகளைத் திரும்பத் திரும்ப ஆராய்வதற்குக் காரணம் இதுதான். எந்தக் கட்டத்திலும் வழி மாறியிருக்க முடியும். ஆறு வயதில் ஒரு வைத்தியர், எட்டு வயதில் வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவர், பன்னிரண்டில் கிரிக்கெட் டீமில் ஓர் இடம். எந்த ஒன்று கிடைத்திருந்தாலும் கதை வேறு.

எல்லாச் சேட்டையும் நோயாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், 1920களில் சிறுவர் ஆலோசனை நிலையமொன்றுக்கு வந்த 524 பிள்ளைகளை முப்பது வருடம் கழித்துத் தேடிப் பிடித்தார் லீ ராபின்ஸ். 1966இல் நூலாக வந்த அந்த ஆய்வின்படி, கடுமையான முரட்டு நடத்தை இருந்த பிள்ளைகளே வாழ்க்கையில் மோசமாக அடிபட்டிருந்தார்கள். ஆனால் அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் சமூக விரோதப் போக்குள்ள பெரியவர்களாக மாறவில்லை. டனீடின் குழுவைச் சேர்ந்த டெரி மோஃபிட் 1993இல் இதை இன்னும் தெளிவாகப் பிரித்தார். பதின்மூன்று, பதினான்கு வயதில் கிளம்பி, இருபது தாண்டியதும் அடங்கிவிடுகிற வீறாப்பு ஒரு வகை. பெரும்பான்மை இதுதான். நாலைந்து வயதிலேயே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் ஒரே மாதிரி நீடிப்பது இன்னொரு வகை. எண்ணிக்கையில் சிறியது, ஆபத்தில் பெரியது. போன வருடம்வரை ஒழுங்காக இருந்து இந்த வருடம் முடியை ஒரு மாதிரி வெட்டிக்கொண்டு எதிர்த்துப் பேசுகிறவனையும், நர்சரியிலிருந்தே ஒத்துவராதவனையும் ஒரே பிரம்பால் அளக்கும்போது இரண்டு பேருக்கும் அநியாயம் நடக்கிறது.

சத்தம் போடாத பிள்ளை

சேட்டைக்காரனையாவது நாலு பேர் கவனிக்கிறார்கள். சத்தம் போடாத பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. "அது ஒரு தொல்லையும் இல்லாத பிள்ளை" என்று பாராட்டே கிடைக்கும். வெள்ளைச் சீருடை, இரட்டைச் சடை, முதல் வரிசை. கேள்வி கேட்டால் கண்ணில் நீர் முட்டும். திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி, பரீட்சைக்கு முதல்நாள் தலைவலி. டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்து அனுப்புவார்கள். சிறுவயதில் அளவுக்கு மீறிய பயமும் கூச்சமும், பதின்ம வயதில் மனச்சோர்வாகத் திரும்புவது மனநல மருத்துவத்தில் நன்கு பதிவான ஒரு பாதை. பெண் பிள்ளைகளில் பருவமடைந்த பிறகு மனச்சோர்வு ஆண் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காவதும் உலகெங்கும் காணப்பட்டது.

அந்தப் பிள்ளை ஒருநாள் வகுப்பிலேயே விழுந்து கைகால் வெட்டி இழுக்கும். வைத்தியசாலையில் ஸ்கேன், இரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்றால்? காத்துக் கருப்பு. மத்தியானம் ஆற்றோரம் போனாளா, மயானப் பக்கம் போனாளா என்று விசாரணை தொடங்கும். கோடங்கி வருவார், உடுக்கு அடிபடும், கயிறு கட்டுவார்கள்.

கோடங்கியைக் கேலி செய்வது படித்தவர்களுக்குப் பிடித்த வேலை. உண்மையில் அந்த இரவில் மட்டும்தான் முழுக் குடும்பமும் அந்தப் பிள்ளையைச் சுற்றி உட்காருகிறது. "உனக்கு என்ன வேணும்" என்று அப்போதுதான் அவளிடம் கேட்கிறார்கள். சாமி வந்த வாயால் அவள் அப்பாவின் குடியைத் திட்டலாம், யாரும் அடிக்க மாட்டார்கள். சில பிள்ளைகள் அதனால் தெளிவதும் உண்டு. சிக்கல், நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையிடம்தான். அவளுக்குக் கயிறுக்கு மேல் கயிறு ஏறுகிறது, மாதங்கள் போகின்றன.

எரிச்சலும் அப்படித்தான். தொட்டதற்கெல்லாம் சீறுகிற, தட்டைத் தூக்கி எறிகிற பதின்ம வயதுப் பிள்ளைகளை நியூயோர்க் மாநிலத்தில் இருபது வருடம் பின்தொடர்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த எரிச்சல் பிற்காலத்தில் மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் முன்னறிவிப்பாக இருந்தது. கோபக்காரன் என்று ஒதுக்கப்பட்டவன் உள்ளுக்குள் சோர்ந்துகொண்டிருந்தான்.

எண்ணிக்கையில் மிகக் குறைவானது, ஆனால் லயத்தையே நடுங்கவைக்கிற பாதை இன்னொன்று. பதினாறு பதினேழு வயதில் நன்றாகப் படித்த பிள்ளையின் புள்ளிகள் விழுகின்றன. இரவில் தூக்கமில்லை. குளிக்கச் சொன்னால் கோபம். கூட்டாளிகளை விட்டு விலகுகிறான். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகக் காதில் விழுகிறது. 'காதல் தோல்வி', 'செய்வினை' என்று வீடு காரணம் கண்டுபிடிக்கும். டனீடினில் 11 வயதுப் பிள்ளைகளிடம், மற்றவர்களுக்குக் கேட்காத குரல் உனக்குக் கேட்கிறதா என்பதுபோன்ற சில கேள்விகளைக் கேட்டு வைத்திருந்தார்கள். தெளிவாக ஆமென்று சொன்ன சிறு கூட்டத்துக்கு, 26 வயதுக்குள் மனச்சிதைவு வகை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 16 மடங்கு அதிகமாக இருந்தது. அவர்களிலும் பெரும்பாலோருக்கு அந்த நோய் வரவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இந்த நோயில் காலம்தான் மருந்துக்கு அடுத்த மருந்து. முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையே நாள் நீள நீள, மீள்வது கடினமாகிறது. சென்னையில் 1984இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோயாளிகளைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறது. அண்மை ஆண்டுகளில் கனடாவின் மொன்றியல் நகரக் குழுவோடு சேர்ந்து, முதல்முறை நோய்வாய்ப்பட்ட இளைஞர்களுக்கு இரண்டு ஊரிலும் ஒரே முறையில் இரண்டு வருடம் சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டார்கள். ஒதுங்கிப்போதல், உணர்ச்சி மரத்துப்போதல் போன்ற அறிகுறிகள் சென்னையில் கூடுதலாகக் குறைந்தன. சென்னைக் குடும்பங்கள் சிகிச்சையோடு விடாமல் கூட நின்றதைக் குழுவினர் முக்கியமாகக் குறிப்பிட்டார்கள். கூட நிற்க லயத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். வைத்தியசாலை வாசல்வரை அவர்கள் வந்து சேர்வதுதான் தாமதம். மனநல வைத்தியசாலையைச் சொல்லி 'அங்கொடைக்குப் போன குடும்பம்' என்று பெயர் வந்தால் மற்றப் பிள்ளைக்குச் சம்பந்தம் கூடாது என்ற பயம் அவர்களைப் பிடித்து இழுக்கிறது.

வெளியே போன அம்மா, வேலைக்குப் போன பிள்ளை

சம்பளம் போதாத வீட்டிலிருந்து அம்மா குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போகிறார். 2013இல் அரசு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்று குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. பொருளாதாரம் குப்புற விழுந்த 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. நாட்டுக்கு டொலர் வேண்டும், பிள்ளைக்கு அம்மா வேண்டும். எது வென்றது என்று சொல்லத் தேவையில்லை. இந்த விதியைப் பற்றிய விவாதங்களில் பதின்ம வயதுப் பிள்ளை வருவதே இல்லை என்பதையும் கவனிக்கலாம். பதின்மூன்று வயது மகளை விட்டுப் போகும் தாய்க்கு அந்த வயது விதி தடை சொல்லாது.

பிள்ளையே வேலைக்குப் போவதும் உண்டு. 2021 ஜூலையில் கொழும்பில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டில் வேலைசெய்த 16 வயது டயகமச் சிறுமி தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தபோது, மலையகம் வீதிக்கு வந்தது. வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்திய சட்டம் அதே வருடத் தொடக்கத்தில்தான் வந்திருந்தது. அந்தச் சிறுமிக்காக ஊர்வலம் போனவர்களில் பலரின் வீட்டிலும், கொழும்பில் கடையிலோ வீட்டிலோ இருக்கும் ஒரு பிள்ளை உண்டு. சொந்தக்காரர் இல்லாத ஊரில், முதலாளி வீட்டுக் குசினியில், பதினைந்து வயதில் தொடங்குகிற பதற்றத்தைப் பதிய எந்த இடாப்பும் கிடையாது.

விஷத்தை எடுத்த நாடு

1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47 அளவில் இருந்தது. உலகில் மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. அதே வருடத்திலிருந்து அரசு கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 1998இல் எண்டோசல்ஃபான், 2008க்கும் 2011க்கும் இடையில் பராகுவாட் உட்பட மூன்று. வீதம் எழுபது சதவீதமளவு இறங்கியது. 2015 வரையான இருபது வருடத்தில் சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டமும் 1998இல் நீங்கியது.

இந்த வெற்றி இளையவர்களைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்கிறது. சாக வேண்டும் என்று அவர்கள் நீண்ட நாள் திட்டமிட்டிருக்கவில்லை. ஒரு சண்டை, ஓர் ஏச்சு, ஒரு போன் பறிப்பு. அந்த அரைமணி நேரத்தில் கைக்கு எட்டிய பொருளின் கொடுமையே உயிரா மரணமா என்று தீர்மானித்தது. பொருள் மாறியது, பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் மனவேதனை குறைந்துவிடவில்லை. பூச்சிகொல்லி மரணங்கள் இறங்கிய அதே காலத்தில், மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கி வைத்தியசாலைக்கு வருகிற இளையவர்களின் எண்ணிக்கை கூடியது. வயிற்றைச் சுத்தம் செய்து, இரண்டு நாள் வைத்திருந்து, "இனிமே இப்படிச் செய்யக்கூடாது" என்று ஏசி அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளை போவது அதே காம்பராவுக்கு. ஒருமுறை முயன்ற பிள்ளைக்கு அடுத்த சில மாதங்கள்தான் ஆபத்தான மாதங்கள் என்று மனநல வைத்தியர்கள் அழுத்திச் சொல்கிறார்கள்.

அப்படி ஓர் எண்ணம் வந்தவர்களுக்கும், அவர்களைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு தோட்டத்துப் பிள்ளைகள்

ஹவாயில் கவாய் என்றொரு தீவு. கரும்பும் அன்னாசியும் விளைந்த தோட்டத் தீவு. ஜப்பான், பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து கூலிகளாக வந்தவர்களின் வம்சம் அங்கே வாழ்ந்தது. 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளர் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளின் தொடக்கமே மோசம்: வறுமை, பிரசவச் சிக்கல், குடிகார அப்பா, மனநோயுள்ள அம்மா, ஓயாத சண்டை. அவர்களில் மூன்றில் இரண்டு பேர் பத்து வயதில் படிப்பிலோ நடத்தையிலோ தடுமாறினார்கள், அல்லது பதினெட்டுக்குள் பொலிஸ், மனநோய், பள்ளி வயதுக் கர்ப்பம் என்று சிக்கினார்கள். மற்ற ஒரு பங்கு எந்தக் குறையுமில்லாமல் வளர்ந்தது.

இவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்தது? பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பாட்டி, ஒரு சித்தி, பிடித்த ஓர் ஆசிரியர், ஒரு கோயில் கூட்டம். பிள்ளையை நம்பிய ஒரு பெரிய ஆள். வெர்னர் கண்ட இன்னொரு விசயம் மலையகத்துக்கு முக்கியமானது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதுபோன்ற உண்மையான பொறுப்புகள் அந்தப் பிள்ளைகளில் பலரைக் கெடுக்காமல் நிமிர்த்தியிருந்தன. பதினான்கு வயதில் உலை வைப்பதே தீங்கு என்று முடிவுகட்டிவிட முடியாது. உலை வைத்த பிள்ளையிடம் "நீ சாப்பிட்டியா" என்று கேட்க ஒருவர் இருக்கிறாரா என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது. தடுமாறியவர்களிலும் பெரும்பாலோர் முப்பதுகளில் மீண்டிருந்தார்கள். ஒரு தொழிற்படிப்பு, நிலையான வேலை, நல்ல துணை வாய்த்ததும் வழி திரும்பியது.

அந்தப் பெரிய ஆள் ஆசிரியராகவே இருக்கட்டுமே என்று தோன்றும். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில பள்ளிகளில் ஆசிரியரிடமே உளநல வேலையைக் கொடுத்தார்கள். சிலவற்றில் அதற்கென்றே உள்ளூரில் ஒருவரைப் பயிற்றி அமர்த்தினார்கள். அவர் பட்டம் பெற்ற உளவியலாளர் அல்ல. 2018இல் முடிவு வெளியானது. தனி ஆள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் அடிதடியும் சீண்டலும் குறைந்தன. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில் ஒரு மாற்றமும் இல்லை. பாடத்தை முடிக்கவே நேரமில்லாதவரின் தலையில் இன்னொரு பொறுப்பை வைத்தால் இதுதான் நடக்கும். நமது பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பெயர் குறிக்கப்பட்ட ஆசிரியர் பெரும்பாலும் கணிதமோ சமயமோ படிப்பிக்கிறவர்தான்.

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கு உதாரணம் இலங்கையிலேயே இருக்கிறது. போரால் பாதிக்கப்பட்ட வடபகுதிப் பிள்ளைகள் 399 பேரிடம் வகுப்பறையில் 15 அமர்வுகளாக நடத்திய உளநல நிகழ்ச்சியின் முடிவு 2012இல் வெளியானது. சிறிய பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல் குறைந்தது. பெண் பிள்ளைகள் சிலருக்கோ, பயங்கர நினைவுகளின் தொல்லை, நிகழ்ச்சியில் சேராத பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை. ஒருநாள் பட்டறை நடத்தி, பெனர் பிடித்துப் போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவர்கள் இதை வாசிக்க வேண்டும்.

பணம் என்ன செய்யும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மலைகளில் 1,420 பிள்ளைகளை ஆய்வாளர்கள் பார்த்துவந்தபோது, 1996இல் செரோகி பழங்குடியினரின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறந்தது. இலாபத்தில் ஒவ்வொரு செரோகிக் குடும்பத்துக்கும் பங்கு வந்தது. வறுமைக்கோட்டைத் தாண்டிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் சண்டையும் எதிர்ப்பும் இறங்கி, ஒருபோதும் வறுமையில் இல்லாத பிள்ளைகளின் அளவுக்கு வந்தன. பதற்றமும் சோர்வும் அந்த அளவுக்கு அசையவில்லை. நடத்தை மாறியதற்கு ஆய்வாளர்கள் கண்ட காரணம் எளிமையானது: பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

மலையகத்தில் சம்பளப் போராட்டத்தை வயிற்றுக் கணக்காகவே பேசிப் பழகிவிட்டோம். 2021இல் 1,000 ரூபாய், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்த ஒவ்வொரு தொகையும் பிள்ளையின் மனநலக் கணக்கும்தான்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்? இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால். வீட்டில் மட்டுமல்லாமல் பள்ளியிலும் கூட்டாளிகளிடமும் பிள்ளை மாறியிருந்தால். முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனால். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு கிழமை காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே. உள்ளூர் வைத்தியசாலையின் ஓபிடியில் சொன்னால் மனநலக் கிளினிக் நடக்கிற பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். பல பிள்ளைகளுக்கு மாத்திரையே தேவைப்படாது. பேச்சும், பெற்றோருக்குச் சில வழிமுறைகளும், பள்ளிக்கு ஒரு கடிதமும் போதும்.

ஆனால் கிளினிக் கிழமை நாளில்தான் நடக்கிறது. காலை பஸ் பிடித்தால் திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். அன்றைக்கு அம்மாவுக்குப் பேர் இல்லை. மாதம் ஒருமுறை என்றால் வருடத்தில் 12 நாள் பேர், 2024இன் 1,350 ரூபாய்க் கணக்கில் 16,200 ரூபாய், பஸ் காசு வேறு. இரண்டு மூன்று முறை போனதும், பிள்ளை கொஞ்சம் தெளிந்ததும், "இந்த மாசம் வேணாம்" என்று வீடு முடிவெடுக்கிறது. அடுத்த சம்பளப் பேச்சுக்குத் தொழிற்சங்கங்கள் கோரிக்கை எழுதும்போது, கிளினிக் கொப்பியைக் காட்டினால் அந்த நாளுக்கு முழுப்பேர் போடவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். கம்பெனிகளுக்கு அது பெரிய செலவே அல்ல.